தக்காளிக்குள் வழவழவென்று ஒரு உமாமி

வணக்கம் மக்களே. கையில் இருப்பது நன்றாகப் பழுத்த ஒரு தக்காளி. இன்றைய வீடியோவுக்கு இது போதும்.

நறுக்கியாயிற்று. முதலில் ஓரத்துச் சதையை மட்டும் கடிக்கிறேன். லேசான இனிப்பு, அவ்வளவுதான். அடுத்து, விதையைச் சுற்றி வழவழவென்று இருக்கிறதே, அதை மட்டும் கரண்டியில் எடுக்கிறேன். ம்ம். புளிப்பு முந்திக்கொண்டு வருகிறது. ஆனால் அது அடங்கிய பிறகும் நாக்கில் ஏதோ படிந்து நிற்கிறது, எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. அந்த மிச்சம்தான் உமாமி. சதையைவிட இந்தக் கூழில், அந்த ருசியைத் தரும் குளூட்டமேட் என்ற பொருள் சில மடங்கு அதிகம். இத்தனை நாள் இதை வழித்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன், என்னை என்ன சொல்வது!

இந்தச் சுவைக்குப் பெயர் வைத்தவர் கிகுனாயே இகேதா, டோக்கியோவில் வேதியியல் பேராசிரியர். ஜப்பானில் 'கொம்பு' என்று ஒன்று உண்டு. மாட்டுக் கொம்பு இல்லை, கடற்பாசி. அதை ஊறவைத்து எடுக்கும் சாற்றில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதிலும் சேராத ஒரு ருசி இருப்பது அவரை விடவில்லை. 1908-இல் அதிலிருந்து குளூட்டமேட்டின் அமில வடிவமான குளூட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அந்த அமிலம் புதிதல்ல, 1866-லேயே கோதுமைப் புரதத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கும் இந்த ருசிக்கும் முடிச்சுப் போட்டவர் இவர். 'உமாய்' என்றால் ஜப்பானிய மொழியில் ருசியானது. அதிலிருந்து உமாமி. மறு வருடமே அந்த அமிலத்தின் சோடிய உப்பு அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. தக்காளியில் இருக்கும் குளூட்டமேட்டும் அந்தப் பொடியில் இருப்பதும் உடம்புக்கு ஒன்றுதான்.

சரி, அந்தப் பொடியை வெறும் வெந்நீரில் கலந்து குடித்தால்? குடித்துப் பார்த்தேன். சகிக்கவில்லை. உமாமி தனி ஆளாக நிற்காது. கொஞ்சம் உப்பு சேர்த்தேன், அதே தண்ணீர் சூப் மாதிரி ஆகிவிட்டது.

அதற்கு உப்பைவிடப் பெரிய கூட்டாளிகள் உண்டு. இகேதாவின் மாணவர் ஷின்தாரோ கொடாமா 1913-இல் உலர்ந்த பொனிட்டோ மீனில் ஐனோசினேட் என்ற இன்னொரு உமாமிப் பொருளைக் கண்டார். பிறகு அகிரா குனினாகா ஷிடாகே காளானில் அதே வகையைச் சேர்ந்த குவானிலேட்டைக் கண்டார். இவற்றில் ஒன்றைக் குளூட்டமேட்டோடு சேர்த்தால் ருசி வெறுமனே கூடுவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது. காரணம் நாக்கில் இருக்கிறது. உமாமியை உணரும் புரதம் பூச்சி பிடிக்கும் செடியின் இலை மாதிரி, வாயைத் திறந்து காத்திருக்கும். குளூட்டமேட் உள்ளே போய் உட்கார்ந்ததும் மூடிக்கொள்ளும். ஐனோசினேட் வாசலோரம் ஒட்டிக்கொண்டு, மூடிய வாயைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பாலாடைக்கட்டி நாள்பட நாள்பட ருசிப்பதும் குளூட்டமேட்டால்தான். புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் குளூட்டமேட் நாக்குக்குத் தெரியாது. புரதம் உடைந்து அது விடுபட்டால்தான் சுவை. தாய்ப்பாலில் விடுபட்ட நிலையிலேயே நிறைய இருக்கிறது, ஆக நம் எல்லோருக்கும் உமாமி பழைய பழக்கம்தான்.

அப்புறம், இந்தக் கூழ் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்குகிறேன். ...அடடா. முதல் வாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இருங்கள், இன்னொரு தக்காளி எடுத்து வருகிறேன்.