வார்லாவை உருவாக்கியவர் யார்?

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

ரஸ் மேயர் இயக்கி 1965-இல் வெளிவந்த 'ஃபாஸ்டர், புஸ்ஸிகேட்! கில்! கில்!' என்னும் கறுப்பு வெள்ளைப் படத்தில், வார்லா என்ற நடனக்காரி கலிபோர்னியப் பாலைநிலத்தில் ஓர் இளைஞனை வெறுங்கைகளாலேயே கொல்கிறாள். அந்த வேடத்தை ஏற்ற டூரா சட்டானாவை மேயரின் கண்டெடுப்பு என்றே பலரும் எழுதிவந்திருக்கிறார்கள். வார்லாவில் பெரும்பகுதி, இசைக்கேற்ப ஆடை களைந்தாடும் பர்லெஸ்க் என்னும் நடன மேடையில் உருவானது என்பதே என் துணிபு.

டூரா 1938-இல் ஜப்பானின் ஹொக்கைடோவில் பிறந்தார். அவர் தந்தை, ஜப்பானிய, பிலிப்பினோ வழிவந்த மௌனப்பட நடிகர். தாய், செயென் என்னும் அமெரிக்கப் பழங்குடியின் குருதியும் கலந்த சர்க்கஸ் கலைஞர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. டூராவின் குடும்பம் மான்சனார் முகாமில் இருந்து, பின்னர் சிகாகோவில் குடியேறியது. அங்கே சிறுமியாக இருந்தபோது ஐவரின் வன்கொடுமைக்கு ஆளானதையும், பிறகு தற்காப்புக் கலை பயின்று அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பழிதீர்த்ததையும் அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். பழிதீர்த்த கதைக்கு அவர் வாக்கைத் தவிர வேறு சான்று இல்லை. ஆயினும் அவர் திரையில் வீசிய அடிகள் பயின்றவரின் அடிகள் என்பதில் ஐயமில்லை.

பதின்ம வயதிலேயே அவர் பர்லெஸ்க் ஆடத் தொடங்கினார். உடையைக் களைவது மட்டுமே அந்தக் கலை என்று எண்ணுவோர், ஒரு கையுறையைக் கழற்றுவதற்குள் அரங்கம் முழுவதையும் காக்கவைக்கத் தெரிந்தவரே அதில் நிலைக்க முடியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். முரசு எப்போது அதிர வேண்டும், எந்த அடியில் நின்று திரும்ப வேண்டும், கூச்சலிடும் ஆணை எந்தப் பார்வையால் அடக்க வேண்டும் என்பதையெல்லாம் ஊர் ஊராக ஆடியே கற்க முடியும். வார்லா பேசாமல் இடுப்பில் கைவைத்து நிற்கும் காட்சிகளில் எதிரே நிற்பவர் தானாகவே சிறுத்துப்போவதற்கு அந்தப் பயிற்சியே காரணம். கறுப்பு உடை, கண்மை, கைச்சண்டை, சில வசனங்கள் ஆகியவற்றிலும் டூராவின் பங்கு இருந்தது. ஒளிப்பதிவின் கூர்மையும் படத்தொகுப்பின் வேகமும் மேயருக்கே உரியவை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

இதற்கு முன்பே, 1963-இல், பில்லி வைல்டரின் 'இர்மா லா டூஸ்' படத்தில் அவர் சிறு வேடம் ஏற்றிருந்தார். வார்லாவுக்குப் பிறகு கிடைத்தவையோ 'தி ஆஸ்ட்ரோ-ஸோம்பீஸ்', 'தி டால் ஸ்குவாட்' போன்ற மலிவுச் செலவுப் படங்களே. ஆசிய முகம் கொண்ட, ஆண்களைவிட ஓங்கி நிற்கும் ஒரு பெண்ணுக்கு அன்றைய ஹாலிவுட்டில் எழுதப்பட்ட கதைகளே இல்லை. முன்னாள் காதலர் ஒருவரால் சுடப்பட்டார். மருத்துவமனையிலும், காவல்துறையின் வானொலித் தொடர்புப் பிரிவிலும் வேலை செய்தார். 1981-இல் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்தது.

வெளிவந்தபோது வசூலில் தோற்ற வார்லாவின் படம், இயக்குநர் ஜான் வாட்டர்ஸ் போன்றோரின் ஓயாத புகழுரையால் புதிய பார்வையாளர்களை அடைந்து, 1995-இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. ஒரு காலத்தில் அதை வெறும் ஆண்களுக்கான கேளிக்கை என்று ஒதுக்கிய பெண்ணிய விமர்சகர் பி. ரூபி ரிச், மறுபடி பார்த்துத் தம் கருத்தை வெளிப்படையாகவே மாற்றிக்கொண்டார். டூரா ரசிகர் மாநாடுகளுக்கு அழைக்கப்பட்டார். 2002-இல் மீண்டும் ஒரு ஸோம்பிப் படத்தில் நடித்தார். 2011 பிப்ரவரியில் நெவாடாவின் ரீனோ நகரில், 72-ஆம் வயதில் காலமானார்.