மாயாவி திருந்தினார், ஏற்றுக்கொண்டோம்

நடுவர் அவர்களே, குமுளியின் குளிரில் இந்நேரம் வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். "காமிக்ஸ் நாயகர்களை மாற்றி எழுதும்போது ரசிகர்கள் கொதிப்பது நியாயமா, பிடிவாதமா?" என்பது தலைப்பு. நியாயமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 1988இலிருந்து தொடங்கினார். பேட்மேன் வேடத்துக்கு மைக்கேல் கீட்டன் என்று அறிவித்ததும் சுமார் 50,000 கண்டனக் கடிதங்கள் குவிந்தன, மறு ஆண்டு படம் வந்ததும் எல்லாரும் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள் என்றார். கைதட்டலும் வாங்கினார். உண்மைதான் ஐயா. படத்தைப் பார்க்காமலே எழுதிய கடிதங்களைக் காப்பாற்றுவது என் வேலை இல்லை. அந்த ஒரு கட்டுக் கடிதத்தைக் காட்டி எல்லாக் கோபத்தையும் தள்ளுபடி செய்ய முடியுமா?

அதே 1988இல் நடந்த இன்னொன்றை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். பேட்மேனின் துணைவன், இரண்டாவது ராபினான ஜேசன் டாட், சாக வேண்டுமா பிழைக்க வேண்டுமா என்று அந்தக் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் தொலைபேசியில் வாக்கெடுப்பு நடத்தியது. அழைப்பு ஒன்றுக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 வாக்கு, பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 வாக்கில் பையன் போய்ச் சேர்ந்தான். காசு வாங்கிக்கொண்டு கருத்துக் கேட்டவர்கள், நாம் காசில்லாமல் கருத்துச் சொன்னால் மட்டும் "உனக்கென்ன உரிமை" என்பது எந்த ஊர் வழக்கம், நடுவரே?

மாற்றம் என்றாலே ரசிகனுக்கு ஆகாது என்றார் அடுத்துப் பேசிய அம்மையார். 1956இல் மின்னல் வேக நாயகன் ஃப்ளாஷ் வேறு பெயர், வேறு உடை, வேறு ஆளாக வந்தான். வாசகர்கள் வாங்கிப் படித்தார்கள். அமெரிக்க காமிக்ஸின் 'வெள்ளிக் காலம்' எனப்படும் மறுமலர்ச்சியே அங்கேதான் தொடங்கியது. அவ்வளவு தூரம் எதற்கு? 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் நமக்குத் தந்த இரும்புக்கை மாயாவி முதலில் யார்? ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்தவர். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறையும் என்று தெரிந்ததும் தலைக்கனம் ஏறிக் குற்றத்தில் இறங்கியவர். பிறகுதான் திருந்தி உளவாளி ஆனார். குற்றச் சக்கரவர்த்தியாகப் புறப்பட்ட ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல, இவன் வேறு) பின்னாளில் குற்றவாளிகளையே வேட்டையாடினான். அவன் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இந்த இரண்டு மாற்றங்களையும் நாம் மறுக்கவில்லையே! படிப்படியாகக் காட்டினார்கள், நம்பினோம்.

இப்போது கிரீன் லான்டர்ன் ஹால் ஜோர்டனைப் பாருங்கள். 1959இல் வந்தவன். அவனுக்குச் சக்தி தரும் மோதிரத்தை இயக்குவதே அவனுடைய மனவுறுதிதான். அவன் ஊர் அழிந்தது; அந்தத் துயரத்தில் 1994இல், மூன்றே இதழ்களில், அவனைப் பித்தனாக்கித் தன் தோழர்களையே வீழ்த்த வைத்து, மோதிரத்தைக் கைல் ரெய்னர் என்ற இளைஞனுக்கு மாட்டிவிட்டார்கள். துயரம் மனிதனைக் கெடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாயாவி திருந்துவதற்குக் கிடைத்த இடம்கூட இவன் கெடுவதற்குக் கிடைக்கவில்லை. ரசிகர்கள் 'ஹீட்' என்று சங்கமே அமைத்துப் போராடினார்கள். (எழுத்தாளர்களை மிரட்டுகிறவர்களை என் அணியில் சேர்க்காதீர்கள். அவர்கள் காவல் நிலையத்துக்கு உரியவர்கள்.) கடைசியில் என்ன ஆயிற்று? 2004இல் தொடங்கிய தொடரில் ஹாலைத் திரும்பக் கொண்டுவந்து, அன்று தவறு செய்தது அவனல்ல, அவனுக்குள் புகுந்திருந்த பாரலாக்ஸ் என்ற அச்சத்தின் உரு என்று எழுதினார்கள். நம் பக்கத்தில் சொல்வதானால், பேய் பிடித்திருந்ததாம்! தாங்கள் எழுதியதை நியாயப்படுத்தப் பேயைத் துணைக்கு அழைத்தவர்கள் ரசிகர்கள் அல்லர், பதிப்பகத்தார். கைலும் விரட்டப்படவில்லை, இருவரும் மோதிரத்தோடு இருக்கிறார்கள்.

சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயில் இருக்கும் மங்கலதேவி மலையேறுகிற ஊர் இது. வேங்கை மர நிழலில் நின்ற கண்ணகியைக் கண்டு சேரனிடம் சொன்னவர்கள் இப்படிப்பட்ட மலை மக்கள்தாம். காப்பியத்தில் அவள் வணிகர் மகள். நாட்டுப்புறக் கோவலன் கதையில் காளியின் பிறவி. கொடுங்கல்லூர்ப் பகவதியே அவள் என்பாரும் உண்டு. கடல் கடந்து இலங்கையில் பத்தினித் தெய்வம். இத்தனை மாற்றத்துக்கும் எவரும் மலையை விட்டு இறங்கவில்லை. நாளையே ஒருவர், கண்ணகி பாண்டியனோடு சமாதானமாகி அரண்மனையில் பதவி ஏற்றாள் என்று எழுதட்டும். எதிரணித் தலைவர் கைதட்டுவாரா? அவரும் இந்த ஊர்க்காரர்தான், தட்ட மாட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. ஒரு கேள்வியோடு இறங்கிவிடுகிறேன். 1968இல் வொண்டர் வுமனின் சக்திகளைப் பறித்து, உடையையும் மாற்றிச் சாதாரணப் பெண்ணாக்கினார்கள். சிறுவயதிலிருந்தே அவளுடைய ரசிகையான, பெண்ணுரிமைப் போராளி குளோரியா ஸ்டைனம் அதை எதிர்த்தார். 1972இல் தம் 'மிஸ்' (Ms.) என்ற பெண்ணிய இதழின் அட்டையில் பழைய வொண்டர் வுமனையே நிறுத்தினார். 1973இல் சக்திகள் திரும்பின. அந்தக் கோபத்தையும் பிடிவாதம் என்பீர்களா, அம்மையாரே?