ஒரு முழம்கூட இல்லாத சிலை

வணக்கம். வானொலியில் சிலையைக் காட்ட முடியாது. அதனால் உங்கள் கையைக் கொஞ்சம் பாருங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரு முழம். நான் சொல்லப்போகும் சிலை அந்த உயரம்கூட இல்லை, சுமார் 15 அங்குலம்தான். வெண்கலமும் இல்லை, சாயம் பூசிய பிளாஸ்டர்.

1918 மே மாதம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். வெள்ளைக்காரப் பண்ணை முதலாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பழிவாங்கக் கிளம்பிய வெள்ளையர் கும்பல் பத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரைக் கொன்றது. அவர்களில் ஒருவர் ஹேஸ் டர்னர். அவர் மனைவி மேரி எட்டு மாதக் கர்ப்பிணி. தன் கணவர் குற்றமற்றவர், கொன்றவர்களைச் சும்மா விடமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னார். மறுநாள் அவரையும் கொன்றார்கள். வயிற்றுப் பிள்ளையையும் விடவில்லை. எப்படி என்பதை இங்கே சொல்ல எனக்கு மனமில்லை. கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவும் இல்லை.

அடுத்த ஆண்டு கறுப்பினச் சிற்பி மெட்டா வாரிக் ஃபுல்லர் இந்தச் சிலையைச் செய்தார். பாரிஸ் போய்ப் படித்து, புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிற்பி ரோடினிடமே பாராட்டு வாங்கியவர். 1910-ல் ஒரு கிடங்கில் தீப்பிடித்து, பதினாறு ஆண்டு உழைப்பைப் பறிகொடுத்தவரும்கூட.

சிலையின் அடியில் தீ நாக்குகளும் பற்றியிழுக்கும் கைகளும் ஒன்றாகக் குழைந்து எழுகின்றன. எது நெருப்பு, எது மனிதர் என்று பிரிக்க முடியாது. மேலே மேரி, உடம்பை வளைத்து, கைக்குழந்தையை அணைத்தபடி கீழே பார்க்கிறார். கயிறு இல்லை, காயம் இல்லை. நிஜத்தில் மேரி தன் பிள்ளையை ஒருநாளும் கையில் ஏந்தவில்லை. சிற்பி ஏந்த வைத்திருக்கிறார். எனக்கு இந்தச் சிலையில் பெரிய விஷயம் அதுதான்.

'கும்பல் வன்முறைக்கு எதிரான மௌனப் போராட்டம்' என்று தலைப்பிலேயே சொல்கிறார். 1917 ஜூலையில் நியூயார்க்கில் சுமார் பத்தாயிரம் கறுப்பினத்தவர், தங்கள் மீதான வன்முறையைக் கண்டித்து, முழக்கமே இல்லாமல், மங்கிய முரசொலியோடு நடந்து போனார்களே, அந்த மௌனம்தான் இதிலும் இருக்கிறது.

சிலை இப்போது பாஸ்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரி, கொலை நடந்த இடத்தில் என்ன இருக்கிறது? 2010-ல் அதன் அருகே ஒரு நினைவுப் பலகை நட்டார்கள். உருவம் எதுவும் கிடையாது, வெறும் எழுத்துதான். அதையும் துப்பாக்கியால் சுட்டார்கள், ஒரு தடவை அல்ல, பல தடவை. துளைத்துளையாகிப் போன அந்தப் பலகையை 2020-ல் கழற்றி எடுத்துவிட்டார்கள்.