வெற்றிடத்தில் பாயும் பொறி

நேயர்களுக்கு வணக்கம். காற்றில் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி மின்பொறி பறக்க ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். காற்றை நன்றாக உறிஞ்சி எடுத்துவிட்டால் அதே இடைவெளி பல பத்தாயிரம் வோல்ட் வரை தாங்கும். எலெக்ட்ரான் மோதிப் பெருக அங்கே அணுக்களே இல்லை அல்லவா? ஆனால் அந்த இரண்டு தகடுகளும் அந்தரத்தில் நிற்காதே. நடுவில் பீங்கானோ கண்ணாடியோ முட்டுக்கொடுக்க வேண்டும். கொடுத்ததுமே தாங்கும் திறன் சரிந்துவிடுகிறது. வெற்றிடமும் நல்ல மின்காப்பு, பீங்கானும் நல்ல மின்காப்பு. இரண்டும் சந்திக்கும் மேற்பரப்புதான் பலவீனம். எக்ஸ்-ரே குழாய் முதல் துகள் முடுக்கி வரை இதே தொல்லைதான்.

"சார், பீங்கானை இன்னும் நீளமாக்கிவிடலாமே?" என்று இளம் பொறியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீளத்தை இரட்டித்தால், தாங்கும் வோல்ட் பெரும்பாலும் ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. நான் வாயால் பதில் சொல்வதில்லை. பொறி பாய்ந்த பீங்கான் ஒன்றைக் கையில் கொடுத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள் என்பேன். வெள்ளைப் பரப்பில் கிளைவிட்ட ஒரு கருங்கோடு. அதைப் பிடித்துக்கொண்டே போனால், எதிர்மின்வாயை, அதாவது மின்சாரத்தின் எதிர்முனையோடு இணைத்த தகட்டை, பீங்கான் தொடும் விளிம்பில் உலோகம் உருகிய சின்னஞ்சிறு குழி.

அந்த விளிம்பைத்தான் நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உலோகம், பீங்கான், வெற்றிடம் மூன்றும் கூடும் இடம் அது. எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தாலும் அங்கே கண்ணுக்குத் தெரியாத இடுக்கு இருக்கும். ஒப்புமை விடுதிறன் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்; ஒரு பொருள் தனக்குள் மின்புலத்தை எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதன் அளவு அது. அலுமினிய ஆக்சைடால் ஆன அலுமினாப் பீங்கானுக்கு அது 9-க்கு மேல். பீங்கானுக்குள் இருப்பதைப்போல ஏறக்குறைய அத்தனை மடங்கு மின்புலம் அந்த இடுக்கில் குவிகிறது. உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் பிய்த்துக்கொண்டு கிளம்பும். கிளம்பியது, தண்ணீரில் வீசிய தட்டைக்கல்போலப் பீங்கான்மேல் தத்தித் தத்திப் போகும். கல்லுக்கு வேகம் குறையும். இங்கேயோ ஒவ்வொரு மோதலிலும் ஒன்றுக்கு மேற்பட்ட எலெக்ட்ரான்கள் துள்ளி எழுகின்றன. அவற்றை இழந்த பரப்பு நேர்மின்னூட்டம் பெற்று, வருகிறவற்றையும் தன் பக்கம் இழுக்கிறது. இத்தனை மோதல்களில், பரப்பில் ஒட்டிக்கிடந்த நீராவியும் வாயுவும் கிளம்புகின்றன. கவனியுங்கள், கடைசியில் பொறி பாய்வது அந்த வாயுப் படலத்தில்தான். எல்லாம் நானோ விநாடிக் கணக்கில் முடிந்துவிடும்.

ஆகவே நீளத்தை விடுங்கள், விளிம்பைக் கவனியுங்கள். நேரம் நெருங்கிவிட்டது, பரிகாரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீங்கான் முனையில் உலோகப் பூச்சிட்டு இடுக்கை மூடலாம். எதிர்மின்வாயில் பள்ளம் வெட்டி விளிம்பை உள்ளே ஒளித்துவைக்கலாம். பீங்கானைக் கூம்பாக, சுமார் 45 பாகை சாய்வில் கடையலாம்; ஆனால் அகன்ற பக்கம் எதிர்மின்வாயில் உட்கார வேண்டும். முதல்முறை மின்னழுத்தம் கொடுக்கும்போது, படிப்படியாக ஏற்றிப் பழக்குங்கள். நன்றி, வணக்கம்.