முறைமை ஆராதனையே புதியவரைச் சேர்க்கிறது

நடுவர் ஐயா, சேகரகுரு ஐயா, பண்டிகைக்கு வந்த சொந்தங்களே, ஸ்தோத்திரம். 'புதிதாய் வருவோரைச் சபையில் சேர்ப்பது முறைமை ஆராதனையா, கட்டில்லாத ஆராதனையா?' ஜெபப் புத்தகத்துல எழுதின வரிசைப்படி, வாரா வாரம் அதே வார்த்தையில நடக்கிற முறைமைதான்.

தலைப்பு கிடக்கட்டும். முன்னால பேசின எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? "நம்ம ஆராதனை போலீஸ் பரேடு. எந்தி, உக்காரு, முழங்கால் போடு. புதுசா வர்றவன் தைல டப்பாவோடதான் வரணும்"னாரு. நீங்களும் கைதட்டினீங்க. அண்ணே, போன வருஷம் கோயில் அசன விருந்துக்கு அம்புட்டு நேரம் வரிசையில நின்னீங்களே, அப்ப முட்டி வலிக்கலையா? கறிச்சோறுன்னா கால் நிக்கும், கர்த்தர்னா கால் கடுக்குமோ?

பரேடுன்னதும் ஞாபகம் வருது. எங்க தெருவுக்கு ஒரு மருமக வந்தா. கோயம்புத்தூர்ப் பிள்ளை. கிதார், டிரம்ஸ், கைதட்டல்னு நடக்கிற சபையில வளர்ந்தவ. கல்யாணம் முடிஞ்ச முதல் ஞாயிறு. பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, பெண்கள் பக்கம் முன்வரிசை. மாமியார் ஜெபப் புத்தகத்தைக் கையில குடுத்துட்டுப் பாடகர் குழுவுக்குப் போயிட்டாங்க. பிள்ளை புரட்டுது. ஞானஸ்நானம் வருது. புரட்டுது. விவாகம் வருது. அதான் முடிஞ்சிட்டே! இன்னும் புரட்டுது. குருவானவர் அங்க பாவ அறிக்கைக்குப் போயிட்டாரு, இது இங்க சாவு அடக்க ஆராதனையில நிக்குது! கல்யாணமாகி ஒரு வாரங்கூட ஆகல! ஆண்கள் பக்கமிருந்து எட்டிப் பார்த்த புருஷன்காரனுக்கு வேர்த்துக் கொட்டுது.

பக்கத்துல இருந்த ஆச்சி புத்தகத்தைப் பிடுங்கினா. ஒரே புரட்டு. "இதுதாம்ளா, சொல்லு." சரியான பக்கம்! அதோட விட்டாளா? சபை எந்திரிச்சா முந்தியைப் பிடிச்சு மேல தூக்குதா. சபை உக்காந்தா முந்தியைப் பிடிச்சுக் கீழ இழுக்கா. விசுவாசப் பிரமாணத்துக்கு ஒரு தூக்கு, வேதபாடத்துக்கு ஒரு இழு, சுவிசேஷத்துக்கு மறுபடி ஒரு தூக்கு. ஆசீர்வாதம் கூறுறதுக்குள்ள ஊக்கு ரெண்டும் தெறிச்சுப் போச்சு.

வீட்டுக்கு வந்து மருமக கேக்கா, "அத்தை, அந்த ஆச்சி ரிட்டயர்டு டீச்சரா?" மாமியாருக்குச் சிரிப்பு அடங்கல. "டீச்சரா? கையெழுத்துன்னா பெருவிரலை நீட்டுவா!"

எழுத்தே தெரியாது ஐயா! கைபட்டுக் கைபட்டு அந்தப் பக்கம் மட்டும் பழுப்பேறிக் கிடக்கு, அதைப் பார்த்து விரிச்சிருக்கா. வார்த்தை நெஞ்சுல இருக்கு, வாரா வாரம் அதே வார்த்தைங்கிறதால! அண்ணன் கேக்கிற மாதிரி வாரம் ஒரு புதுப் பாட்டு திரையில ஓடினா ஆச்சி அங்க யாரு? வந்தவளைவிடப் புதுசு. இங்க அவதான் வீட்டுக்காரி. புதுசா வர்றவங்களை வரவேற்க ஒரு வீட்டுக்காரி வேண்டாமா?

1549-ல இங்கிலாந்துல பொது ஜெபப் புத்தகம் வந்ததே, லத்தீன் புரியாம நின்ன ஜனம் தன் பாஷையில வாய் திறக்கட்டும்னுதான். 1947-ல தென்னிந்தியத் திருச்சபை பிறந்துது. 1950-ல அவங்க எழுதின நற்கருணை முறைமையில ஒண்ணு சேர்த்தாங்க: சமாதானம் கைமாத்துறது. பீடத்துல தொடங்கி, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சு, கடைசி வரிசைவரைக்கும் வரும். "அது 1662-ல திருத்தி வந்த ஜெபப் புத்தகத்துல இல்லையே"ன்னு அண்ணன் முணுமுணுக்காரு. எழுபது வருஷம் தாண்டியாச்சு அண்ணே, இன்னுமா அது புதுசு?

சிரிச்சது போதும். திருப்பூர்ப் பக்கம் ஒரு கோயில்ல நடந்ததை என் மைத்துனர் சொன்னார். பனியன் கம்பெனிக்கு வந்த ஜார்க்கண்ட் பையன் கடைசி வரிசையில நின்னான். அவன் ஊர் சோட்டாநாக்பூர், 1890-லயே ஆங்கிலிக்கன், அதாவது அந்த ஜெபப் புத்தகம் பிறந்த இங்கிலாந்து சபை வழித் திருமண்டலம் உண்டான மண். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனா பாவ அறிக்கைக்கு முழங்கால் போட்டான். விசுவாசப் பிரமாணத்துக்கு எந்திரிச்சான். பரமண்டல ஜெபத்தைத் தன் பாஷையில சொன்னான், எல்லாரோடயும் ஒண்ணா ஆமென்னு முடிச்சான். யாரும் அவன் முந்தியை இழுக்கல ஐயா. அவன் அம்மா எந்த ஊர்க் கோயில்லயோ இழுத்துப் பழக்கியிருக்கா.

சமாதானம் வந்துது. முன்னால இருந்த பெரியவர் திரும்பி, தன் ரெண்டு கைக்குள்ள அவன் கையை வச்சார். பையன் விடல. அடுத்த பாட்டு தொடங்கியும் விடல. அம்மா அப்பாவைப் பார்த்து எத்தனை மாசமாச்சோ! பெரியவரும் உருவிக்கல, பாட்டு முடியிறவரைக்கும் அப்படியே நின்னார்.

மணி அடிச்சிட்டீங்க. அந்தப் பையனையும் நினைச்சுக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க ஐயா. ஸ்தோத்திரம்.