ஃபியூஸ் கட்டையும் பிளாஸ்டிக் கியரும்

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன் நான். பாலக்காடு மாவட்டம், கேரளாதான். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழில் பேரம் பேசுவார்கள், மீதிப் பேர் மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்கள். பேசக் கூப்பிட்டபோது மோட்டாரைப் பற்றிக் கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். "சின்ன ரிமோட் கார் செய்வீங்களாமே, அதைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். ஐம்பது தாண்டியவன் ரேடியோவில் பொம்மைக் காரைப் பற்றிப் பேசுகிறான் என்று ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆரம்பம் சித்தூர் கொங்கன்படைத் திருவிழாவில். படையெடுத்து வந்த கொங்குப் படையைப் பகவதி விரட்டியதாகச் சொல்லி நடக்கிற விழா அது. கொங்குத் தமிழ் பேசுகிற நாங்களும் வருஷா வருஷம் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வருவோம்! அங்கே தங்கை மகனுக்கு ஒரு ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தில் இன்னொரு பையன் கையிலும் அதே கார். இவன் பொத்தானை அழுத்தினால் அவன் காரும் ஓடியது. அவன் அழுத்தினால் இவனுடையது பின்னால் போய்ச் சுவரில் முட்டியது. இரண்டு பேரும் அழுகை. விலை குறைந்த பொம்மைகள் பலவும் 27 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் ஓடுவதால் வந்த வினை. இப்போது கொஞ்சம் தரமான கார்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வந்துவிட்டன. அதில் ரிமோட்டும் ரிசீவரும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் பிடித்துக்கொள்ளும். பத்து கார் பக்கத்தில் ஓடினாலும் உன் கார் உன் சொல்லைத்தான் கேட்கும்.

அந்தக் கார் ஒரே வாரத்தில் கடைக்கு வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தேன். மோட்டார் நன்றாக இருந்தது, ஒரு ஒயர்தான் விட்டிருந்தது. ஈயம் வைத்து ஓடவிட்டபோது மேசை மேல் பாடிக்கொண்டிருந்த என் மீடியம் வேவ் ரேடியோ கரகரவென்று கத்தியது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷும் கம்யூட்டேட்டரும் உரசும் இடத்தில் பொறி பறக்கும். அந்தப் பொறிதான் ரேடியோவில் கேட்டது. ரேடியோவுக்குக் கேட்கிற இரைச்சல் காரின் ரிசீவருக்கும் கேட்கும் அல்லவா? கார் பத்தடி தாண்டினால் பேச்சைக் கேட்காமல் போனதற்கு அதுதான் காரணம். அந்த இரைச்சலை அடக்க, 104 என்று எழுதிய மூன்று செராமிக் கெப்பாசிட்டர் போதும். மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உறைக்கு ஒவ்வொன்று. வைத்ததும் ரேடியோ அமைதியானது, காரும் முற்றம் முழுக்கப் போய் வந்தது.

பையன் அடுத்த கேள்வியைப் போட்டான். "மாமா, இது ஏன் பாதி திரும்ப மாட்டேங்குது?" நியாயமான கேள்வி. பொம்மைக் கார் ஒன்று முழுக்க இடது, இல்லை முழுக்க வலது. நடுவில் எதுவும் இல்லை. பாதி திரும்ப வேண்டுமென்றால் செர்வோ வேண்டும். ஒன்பது கிராம்தான் எடை. அதற்குள் ஒரு குட்டி மோட்டார், நாலைந்து கியர், அப்புறம் ஒரு பொட்டன்ஷியோமீட்டர். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கிற அதே சாமான்தான். ரிசீவர் நொடிக்கு ஐம்பது முறை ஒரு துடிப்பு அனுப்பும். துடிப்பின் நீளம் ஒரு மில்லி செகண்ட் என்றால் ஒரு ஓரம், இரண்டு என்றால் மறு ஓரம், ஒன்றரை என்றால் நேர். எங்கே நிற்கிறோம் என்று பொட்டன்ஷியோமீட்டர் சொல்ல, சொன்ன இடத்துக்கு வந்ததும் மோட்டார் நின்றுவிடும்.

செர்வோவைப் போட்ட பிறகும் திருப்பத்தில் முன் டயர் கீச்சிட்டது. உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிப்பக்கம் பெரிய வட்டம். இரண்டையும் ஒரே அளவு திருப்பினால் ஒன்று தேய்ந்துதான் போகும். குதிரை வண்டிக் காலத்திலேயே இதற்கு வழி கண்டுபிடித்து, ஆக்கர்மன் என்பவர் பெயரில் 1818-இல் லண்டனில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். முன் சக்கரம் திரும்புகிற முளையிலிருந்து ஸ்டியரிங் கை வழியாக ஒரு நூலைப் பிடித்தால் அது பின் அச்சின் நடுவுக்குப் போக வேண்டும். நான் அட்டைப் பெட்டியில் குண்டூசி குத்தி நூல் கட்டித்தான் அளந்தேன். கீச்சு நின்றது.

சரி, அதற்குப் பிறகு பைத்தியம் முற்றியது. எனக்கு அம்பாசடர் வேண்டும். 2014-இல் அந்தக் காரின் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், ரிமோட்டில் எங்கே போய்த் தேடுவது? நானே கட்டினேன். நிஜக் காரின் நீளம் 4,325 மில்லிமீட்டர். 24-இல் ஒரு பங்கு என்றால் 18 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. பாடிக்கு ஃபிளெக்ஸ் கடையில் மிஞ்சிய சன்போர்டு. மூக்கும் முன் மட்கார்டும் வளைந்து வருகிற இடத்தில் மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

இங்கே ஒரு கணக்கு. நீளம் 24-இல் ஒரு பங்கு என்றால் எடை 24-ஐ மூன்று முறை பெருக்கி வகுக்க வேண்டும், அதாவது 13,824-இல் ஒரு பங்கு. அம்பாசடர் 1,100 கிலோ என்று வைத்துக்கொண்டால் என் கார் 80 கிராம் இருக்க வேண்டும். இருப்பதோ 210. பேட்டரி, செர்வோ, மோட்டார் எல்லாம் அந்தக் கணக்குக்குச் சுருங்காது. ஆனால் இதே கணக்கு வேறு பக்கம் நமக்கு உதவும். என் கார் மேசையிலிருந்து முக்கால் மீட்டர் விழுந்தும் தட்டிவிட்டு ஓடுகிறது. அந்த உயரத்தையும் 24-ஆல் பெருக்கினால் 18 மீட்டர், ஆறு மாடி. நிஜ அம்பாசடரை அங்கிருந்து தள்ளினால் என்ன மிஞ்சும்? சின்னது என்பதாலேயே அதற்கு உரம் அதிகம். இந்தப் பெருக்கலை வேகத்துக்குப் போட்டு, என் கார் 480 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று பீற்றிக்கொள்கிற பையன்களும் உண்டு. நிஜத்தில் இருபதுதான் போகும். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது.

கடையில் கிடைக்கிற கார்கள் மட்டமில்லை. ஜப்பானில் டமியா கம்பெனி 1976-இல் போர்ஷே 934-ஐ ரிமோட் காராக்கி விற்றது. கியோஷோவின் மினி-இசட் 1999-இல் வந்தது, ஒரு சாணுக்கும் குறைந்த நீளம், நாலு சின்னப் பென்சில் பேட்டரி. பாறை மேல் கார் ஏற்றுகிறவர்களுக்கு ஆக்ஸியல் கம்பெனியின் 24-இல் ஒரு பங்கு கார். வாங்கினால் தப்பில்லை. ஆனால் வாங்கினவன் கை அதோடு நிற்காது, அதில்தான் சிக்கலே.

நான் காயில் கட்டுகிறவன். மோட்டாரைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? இந்தக் கார் மோட்டார்களை உள்ளே கம்பி எத்தனை சுற்று என்பதை வைத்துத்தான் சொல்வார்கள். 10-இல் ஒரு பங்கு காருக்குச் சாதாரணமாக வருவது 27 சுற்று, பாறை ஏறுகிற மோட்டார் 55 சுற்று. பம்பு செட்டில் நான் ஸ்லாட்டுக்கு ஸ்லாட் எண்ணிப் போடுகிற அதே சுற்று. என் குட்டி மோட்டாரைப் பிரித்து மூன்று பல் ஆர்மேச்சரில் பழைய கம்பியை உருவி, பாதிச் சுற்றாக்கி, குறுக்குவெட்டுப் பரப்பு இரண்டு மடங்கான கம்பியைப் போட்டேன். வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதோடு, சக்கரம் இறுகி நின்றுவிட்டால் இழுக்கிற கரண்ட் நாலு மடங்காகும். இரண்டாவது எனக்குத் தெரியாததல்ல. வேகத்தின் ஆசையில் கண்டுகொள்ளவில்லை.

முதல் நாள் பிளாஸ்டிக் கியரின் பல் வழித்துக்கொண்டு போனது. பத்து ரூபாய் கியர். பிளாஸ்டிக்தானே என்று பித்தளை கியரை வரவழைத்துப் போட்டேன். அடுத்த வாரம் அச்சுக்குப் போகிற தண்டு முறுக்கிக்கொண்டது. இரும்புத் தண்டு போட்டேன். இப்போது எதுவும் உடையாது என்று மார்தட்டிக்கொண்டு தோப்புக் களத்துக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் பக்கம் தென்னந்தோப்பில் கொப்பரை காய வைக்க சிமெண்டுக் களம் போட்டிருப்பார்கள். காய் இல்லாத நாளில் அதைவிட நல்ல ஓடுதளம் கிடையாது. ஆனால் களம் முழுக்கத் தேங்காய் நார் கிடக்கும். கண்ணுக்கே தெரியாது. கார் மூன்றாவது சுற்றில் வேகம் குறைந்தது, முனகியது, நின்றது. நான் ரிமோட்டை இன்னும் அழுத்தினேன். பாடிக்கு அடியிலிருந்து மெல்லிசாக நீலப் புகை. எடுத்துப் பார்த்தால் பின் அச்சில் நார் கயிறு திரித்தமாதிரி இறுகச் சுற்றியிருக்கிறது. சக்கரம் நின்றுவிட்டது. கியரும் உடையவில்லை, தண்டும் உடையவில்லை. நாலு மடங்கு கரண்ட் வேறு எங்கே போகும்? மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற 900 ரூபாய் கண்ட்ரோலர் போர்டு எரிந்தது.

அன்று களத்துத் திண்டில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டேன். ஏனென்றால் இந்தக் கதையை மாதத்துக்கு இரண்டு முறை கடையில் கேட்கிறவன் நான். "ஏனுங்க, மோட்டாரு மறுக்காவும் போயிருச்சுங்க" என்று வருவார்கள். போய் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தால் ஃபியூஸ் கட்டையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் மூன்று இழைச் செம்புக் கம்பி முறுக்கிப் போட்டிருக்கும். "அடிக்கடி போகுதுன்னு போட்டேனுங்க." ஃபியூஸ் போகாது, காயில் போகும். அவர்களுக்கு வியாக்கியானம் செய்தே வாய் வலித்தவன், என் காரில் பத்து ரூபாய் கியரை எடுத்துவிட்டுப் பித்தளையைப் போட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு காரை மாற்றிக் கட்டும்போது நான் முதலில் முடிவு செய்வது, இதில் எது உடையலாம் என்பதைத்தான். விலை குறைந்ததாக, ஐந்து நிமிடத்தில் மாற்றக்கூடியதாக, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். அதை மட்டும் பலப்படுத்தவே கூடாது. மற்றதை எல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் பலமாக்கு. புஷ் இருந்த இடத்தில் பேரிங் போடு, இரும்போடு இரும்பு சேர்கிற ஸ்குரூவுக்கு லாக் பசை வை, எல்லாம் சரி. கியர் மட்டும் பிளாஸ்டிக்.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். கோவையில் படிக்கிற பையன் ஒருவன் காரின் அடிச்சட்டத்தை, அதாவது சேசிஸை, முப்பரிமாண பிரிண்டரில் அடித்துக் கொடுத்தான், பிஎல்ஏ பிளாஸ்டிக்கில். அழகான வேலை. சித்திரை வெயிலில் வேன் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பொரித்த அப்பளம்போல வளைந்திருந்தது. அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். நம் வெயிலுக்குப் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். லித்தியம் பாலிமர் செல் ஒன்றுக்கு நிறைந்தால் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றக்கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கவும் கூடாது. ஓட்டாமல் வைப்பதானால் 3.8-இல் வையுங்கள். நான் மண்சட்டிக்குள் வைத்து, எதிரே உட்கார்ந்துதான் சார்ஜ் போடுவேன். உப்பின பேட்டரியைக் குத்திப் பார்க்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இந்தக் காரெல்லாம் ஓட்ட எங்களுக்கு வருஷத்தில் ஒன்பது மாதம்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியில் பிடித்தால் ஆவணி வரை விடாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 210 கிராம் அம்பாசடர் எம்மாத்திரம்? ஒருமுறை திருப்பத்தில் காற்று அடியில் புகுந்து தூக்கி, காரைப் பாத்தியில் போட்டது. அந்த மாதங்களில் பாறை ஏறுகிற கார்தான். மெதுவாகப் போகும், நடக்கிற வேகம்கூட இல்லை. அதற்கு எடை கீழேயும் முன்னாலேயும் இருக்க வேண்டும். அப்போதுதான் செங்குத்தில் மூக்கைத் தூக்காமல் ஏறும். அதற்கான எடைத் துண்டுகளைப் பித்தளையில் விலையாக விற்கிறார்கள். நான் டயர் கடையில் வீல் பேலன்சுக்கு ஒட்டுகிற ஐந்து கிராம் துண்டுகளை வாங்கி முன் அச்சில் ஒட்டுகிறேன்.

கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் பந்தயத் தளம் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய கரிவரதன், 1995-இல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டியவர். கையில் இருப்பதை வைத்துக் கட்டுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை.

மழை விட்டால் ஞாயிறு காலையில் கோரையாற்றுப் பாறைக்குப் போவோம். ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். ஒருவர் பேக்கரி, ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் சுமைதூக்கி. கார் பாறை இடுக்கில் மாட்டினால் "சேட்டா, பிடி, பிடி!" என்று மலையாளத்திலும், கியர் போனால் நல்ல தமிழிலும் கத்துவோம்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அம்பாசடர் இங்கே மேசை மேல்தான் இருக்கிறது, உள்ளே வரும்போது பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை. கையால் உருட்டுகிறேன், மைக்குக்குப் பக்கத்தில். டிக் டிக் என்று கேட்கிறதா? அது கியரில் ஒரு பல் போயிருக்கிற சத்தம். சட்டைப் பையில் ஆறு வைத்திருக்கிறேன், பஸ்ஸில் போகும்போது மாற்றிக்கொள்வேன். வணக்கம்.