தலைமேல் வைத்த கை

அன்பான சபையாரே,

மிஷனெரி ஞாயிறு என்றதும் கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள்தான் நம் கண்முன் வருகிறார்கள். ரேனியஸ் வந்தார், சார்ஜன்ட் வந்தார் என்று நன்றியோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். நான் இன்று பேச வந்திருப்பது நம்மிடமிருந்து போனவரைப் பற்றி. நம் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1902-ல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த சிறிய சபை தன் சொந்தச் செலவில் கடலுக்கு இக்கரையில் ஊழியம் நடத்திக்கொண்டிருந்தது. திருநெல்வேலிச் சபைக்கோ அப்போதே நூறு வயது தாண்டிவிட்டது. வாங்கியே பழகிவிட்டோமே என்ற எண்ணம் அவரைத் தைத்தது. மறு ஆண்டே, 1903 பிப்ரவரியில், இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பணமும் ஆளும் நிர்வாகமும் நம்முடையவை. வயல் மட்டும் வேறு மண்: ஹைதராபாத் நிஜாம் சமஸ்தானத்தில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல். 1909-ல் அசரியாவே குருப்பட்டம் பெற்று அங்கே போய்ச் சேர்ந்தார். தெலுங்கு கற்றார், மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுற்றினார். 1912-ல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

இடையில், 1910-ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டு மேடையில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றே: எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். பள்ளி கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள்; பக்கத்தில் உட்காரவைக்க மட்டும் ஏன் தயக்கம் என்பதே அதன் பொருள். அந்தக் கேள்வியை நான் வெள்ளைக்காரர்களோடு விட்டுவிட மாட்டேன். பலிபீடத்தில் ஒரே பாத்திரத்தில் பருகிவிட்டு, கல்யாணப் பேச்சில் சாதி கேட்கிறோமே, நாம் யாருக்கு நண்பர்கள்? ‘சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள்’ என்ற கட்டளையை எந்த வாயால் வாசிக்கிறோம்?

தோர்ணக்கல் பகுதியில் சுவிசேஷத்தை ஏற்றவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள், எழுத்து அறியாதவர்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் அசரியா ஒன்று செய்யச் சொல்வார். தண்ணீர் பட்ட தலைமேல் தங்கள் கையையே வைத்து, அவர்கள் சொல்ல வேண்டும்: “நான் ஞானஸ்நானம் பெற்றவன். சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ.”

பவுலின் வார்த்தை அது. அதைப் படிக்கத் தெரியாதவர்கள், தலையில் வைத்த கையோடு அதைச் சொன்னார்கள். மறுநாள் அதே கையோடு கூலி வேலைக்குப் போனார்கள். நாற்று நடும்போது பக்கத்தில் நின்றவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினார்கள்.